பள்ளிக்கூடம் தேடி வரும் கம்பெனிகள்: கையெழுத்துப் போடும் முன் பெற்றோர் அறிய வேண்டியவை

பிளஸ் டூ முடிவுகள் வெளியான பிறகு டிரஸ்ட் அலுவலகத்துக்கு வரும் பெற்றோர்களில் பெரும்பாலோர் கல்வி உதவித்தொகை விண்ணப்பம் வாங்கத்தான் வருவார்கள். சில ஆண்டுகளாக வேறொரு கேள்வியும் சேர்ந்து வருகிறது. "ஸ்கூலுக்கே கம்பெனிக்காரங்க வந்து டெஸ்ட் வச்சாங்க. பிள்ளை பாஸாயிட்டான். படிச்சுக்கிட்டே சம்பளம்னு சொல்றாங்க. அனுப்பலாமா?"

இதற்கு அனுப்புங்கள் என்றோ, வேண்டாம் என்றோ ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்று போலத் தெரியும். உள்ளே நாலைந்து வகை இருக்கிறது. ஒன்றில் சட்டம் பிள்ளைக்குத் துணை நிற்கிறது. இன்னொன்றில் கம்பெனியின் நல்லெண்ணம் மட்டுமே துணை. வேறு சிலவற்றில் இரண்டும் இல்லை. திருத்தணியிலிருந்து ஒரு பக்கம் அரக்கோணம், இன்னொரு பக்கம் திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், எல்லை தாண்டினால் ஆந்திராவின் ஸ்ரீசிட்டி என்று நம்மைச் சுற்றிலும் ஆலைகள். கம்பெனி பஸ் விடிவதற்குள் பைபாஸில் வந்து நிற்கிறது. எந்த பஸ்ஸில் ஏறுகிறோம் என்று தெரிந்து ஏறுவது நல்லது அல்லவா?

கம்பெனிகள் ஏன் பள்ளிக்கூடத்துக்கு வருகின்றன என்பதிலிருந்து தொடங்குவோம். இது இன்று நேற்று வந்த வழக்கம் அல்ல. டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் டைட்டன் கடிகார நிறுவனத்தைத் தொடங்கின. ஆலை ஓசூரில். கைக்கடிகாரம் செய்யத் தெரிந்த தொழிலாளிகள் அன்று அந்தப் பக்கத்தில் கிடையாது. எனவே நிறுவனத்தார் தமிழகக் கிராமப்புற அரசுப் பள்ளிகளைத் தேடிப் போய், பள்ளிப் படிப்பு முடித்த 17, 18 வயதுப் பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்து எடுத்தார்கள். கண் பார்வை, விரல் நிதானம், பொறுமை இவற்றைப் பார்த்தார்கள். வீட்டை விட்டு முதல் முறை வெளியே வந்த பிள்ளைகள் என்பதால், ஓசூரில் அவர்களைக் கூட இருந்து கவனிக்க வளர்ப்புப் பெற்றோர் போன்ற ஏற்பாடும் செய்தார்கள். அப்படிச் சேர்ந்த பிள்ளைகளின் கைகள்தான் இந்தியா முழுக்கக் கட்டிக்கொண்ட கடிகாரங்களைச் செய்தன.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது, கம்பெனி தர்மம் செய்யவில்லை என்பது. அதற்கு ஆள் தேவைப்பட்டது. வெளியே ஆயத்தமான ஆள் கிடைக்கவில்லை; கிடைத்தாலும் அதிகச் சம்பளம் கேட்பார்கள். இளம் பிள்ளையைத் தன் முறைப்படி பழக்கினால் வேலையும் சுத்தம், விட்டுப் போவதும் குறைவு. இந்தக் கணக்கு இன்றைக்கும் அதேதான். அதில் தவறு ஒன்றும் இல்லை. வியாபாரத்தில் இரு தரப்புக்கும் லாபம் இருக்கலாம். நம் பிள்ளைக்கு வரும் பங்கு என்ன என்பதை நாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

படிப்பையே கம்பெனி தன் கையில் எடுத்துக்கொண்டதற்கு சோஹோ நல்ல எடுத்துக்காட்டு. ஸ்ரீதர் வேம்பு நிறுவிய இந்த மென்பொருள் நிறுவனம், கல்லூரி மதிப்பெண்ணுக்கும் வேலைத் திறனுக்கும் தொடர்பு இல்லை என்று தன் ஊழியர்களைப் பார்த்தே முடிவுக்கு வந்தது. 2004இல் ஆறு மாணவர்களோடு சொந்தமாக ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. இன்று அது சோஹோ ஸ்கூல்ஸ் என்ற பெயரில் கூடுவாஞ்சேரி அருகிலும் தென்காசியிலும் நடக்கிறது. பிளஸ் டூ அல்லது டிப்ளமோ முடித்தவர்கள் சேரலாம். மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை, அவர்களே தேர்வும் நேர்காணலும் வைக்கிறார்கள். இரண்டு ஆண்டுப் பயிற்சி. கட்டணம் இல்லை. மாறாக மாதம் 10,000 ரூபாய் உதவித்தொகை தருகிறார்கள். கணினி நிரல் எழுதுவது மட்டும் அல்ல, ஆங்கிலமும் கணக்கும் கற்றுத் தருகிறார்கள். முடித்தவர்களில் பெரும்பாலோர் அங்கேயே வேலைக்குச் சேர்கிறார்கள்.

குறை என்று ஒன்று சொல்ல வேண்டுமானால், பட்டம் கிடையாது. அரசுத் தேர்வு எழுத வேண்டும், வெளிநாடு போக வேண்டும், பெண் பார்க்கும் வீட்டில் "என்ன டிகிரி?" என்று கேட்பார்கள் என்றெல்லாம் நினைக்கிற குடும்பம் இதை முதலிலேயே யோசித்துக்கொள்ள வேண்டும். வேலை செய்துகொண்டே தொலைநிலைக் கல்வியில் பட்டம் எழுத வழி உண்டு. அதை எழுதுவேன் என்று சொல்கிற பிள்ளைகள் எல்லோரும் எழுதுவதில்லை என்பதும் நமக்குத் தெரியும்.

பள்ளிக்கூடங்களில் நேரடியாக ஆள் எடுக்கும் இன்னொரு பெரிய திட்டம் எச்.சி.எல். நிறுவனத்தின் டெக்பீ. நம் பெற்றோர் அதிகம் கேட்பது இதைப் பற்றித்தான். பிளஸ் டூவில் கணக்கு அல்லது வணிகக் கணிதம் படித்த பிள்ளைகளுக்குத் தேர்வு, நேர்காணல். தேர்வானால் ஏறத்தாழ ஓராண்டுப் பயிற்சி. அதில் நேரடி வேலைப் பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை, பிறகு முழுநேர வேலை. வேலையில் இருந்தபடியே பிட்ஸ் பிலானி, சாஸ்திரா போன்ற பல்கலைக்கழகங்களில் பட்டம் படிக்க வழி. அரசுப் பள்ளி மாணவர்களுக்காகத் தமிழகப் பள்ளிக் கல்வித் துறையும் இந்த நிறுவனத்தோடு சேர்ந்து செயல்பட்டது. சென்னை, மதுரை ஆகிய ஊர்களில் இதற்கு வேலை இடங்கள் உண்டு. பட்டம் இழக்க வேண்டியதில்லை என்பது இதன் பலம்.

ஆனால் இதில் பயிற்சிக் கட்டணம் என்று ஒன்று இருக்கிறது. பயிற்சியில் உயர்ந்த மதிப்பெண் எடுப்பவர்களுக்கு முழுதாகவோ பாதியாகவோ தள்ளுபடி செய்கிறார்கள். மற்றவர்களுக்கு வங்கிக் கடன் ஏற்பாடு செய்து, வேலைக்குச் சேர்ந்த பின் மாதத் தவணையாகக் கட்டச் சொல்வதும் உண்டு. வட்டிக் கடன் வேண்டாம் என்று இருக்கும் நம் குடும்பங்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடக் கூடாது. "மாதம் பத்தாயிரம் வரும்" என்பது மட்டும் காதில் விழுந்து, கடன் பத்திரத்தில் கையெழுத்து கேட்கும்போதுதான் திகைத்து நிற்பது சரியல்ல. இந்த ஆண்டு கட்டணம் எவ்வளவு, தள்ளுபடிக்கு எவ்வளவு மதிப்பெண், கடன் இல்லாமல் நேரடியாகக் கட்ட முடியுமா, நடுவில் விட்டு வந்தால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற நான்கையும் எழுத்தில் கேளுங்கள். கட்டணம் பெரிதாக இருந்து பிள்ளை தகுதியானவனாகவும் இருந்தால், வட்டியில்லாக் கடனுக்கு ஜமாஅத்தை அணுகுவதில் வெட்கம் வேண்டாம். கல்யாணச் செலவுக்குக் கடன் கொடுக்கத் தயங்காத நாம், இதற்கு ஏன் தயங்க வேண்டும்?

மென்பொருள் வேலை எல்லாருக்கும் அமையாது. கணக்கு எடுக்காத பிள்ளைகள், பத்தாம் வகுப்போடு நின்றவர்கள், கை வேலையில் ஆர்வம் உள்ளவர்கள் இவர்களுக்குத்தான் அப்ரென்டிஸ் என்னும் தொழில் பழகுநர் பயிற்சி. நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே பெரும்பாலும் இதற்காகத்தான். இவ்வளவு நல்ல ஏற்பாட்டை இவ்வளவு குறைவாகப் பயன்படுத்துகிறோம்.

1961ஆம் ஆண்டின் அப்ரென்டிஸ் சட்டம் மத்திய அரசுச் சட்டம். 30 அல்லது அதற்கு மேல் பணியாளர் உள்ள ஒவ்வொரு நிறுவனமும், தன் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். இதுதான் அவர்கள் நம் வாசலுக்கு வரும் இன்னொரு காரணம். மாத உதவித்தொகைக்குக் குறைந்தபட்ச அளவை அரசு விதிக்கிறது. 2019இல் திருத்திய விதிகளின்படி பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு 6,000 ரூபாய், பிளஸ் டூ அல்லது ஐ.டி.ஐ. முடித்தவருக்கு 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000. இதற்குக் குறைவாகத் தரக் கூடாது, கூடுதலாகத் தரலாம். இதில் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய்க்கு மிகாமல், 2016இல் தொடங்கிய தேசிய ஊக்குவிப்புத் திட்டத்தின் கீழ் மத்திய அரசே ஏற்கிறது. ஆகவே "நாங்கள் கற்றுத் தருகிறோம், நீங்கள் எங்களுக்குப் பணம் கட்டுங்கள்" என்று யாராவது அப்ரென்டிஸ் பெயரில் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

சட்டம் வேறு சிலவற்றையும் சொல்கிறது. பழகுநருக்கும் நிறுவனத்துக்கும் ஒப்பந்தம் இருக்க வேண்டும், அது அரசிடம் பதிவாக வேண்டும். 18 வயது நிரம்பாத பிள்ளைக்காகக் கையெழுத்திடுபவர் பெற்றோர் அல்லது காப்பாளர். எத்தனை உருப்படி செய்தாயோ அத்தனைக்குக் கூலி என்று பீஸ் கணக்கில் பழகுநருக்குப் பணம் தரக் கூடாது. அதிகாரியின் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் வாங்கக் கூடாது. வேலையிடத்தில் காயம் பட்டால் நிறுவனம் இழப்பீடு தர வேண்டும். இவை எல்லாம் பதிவான ஒப்பந்தம் கையில் இருந்தால்தான் பேசும்.

நமக்குச் சாதகமில்லாத ஒரு பிரிவும் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்குக் கிடையாது. ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால் ஒழிய. ஓராண்டு முடிந்து பிள்ளை வீட்டுக்கு வந்து நிற்கும்போது "ஏமாற்றிவிட்டார்கள்" என்று புலம்புகிற குடும்பங்கள் உண்டு. ஏமாற்று அல்ல, சட்டமே அப்படித்தான். எனவே முக்கியமானது, பிள்ளை வெளியே வரும்போது கையில் என்ன இருக்கிறது என்பதுதான். அரசு அங்கீகரித்த தொழில் பிரிவில் பயிற்சி முடித்து, அகில இந்தியத் தேர்வில் தேறினால் தேசிய அப்ரென்டிஸ் சான்றிதழ் கிடைக்கும். அதை இன்னொரு கம்பெனியும் மதிக்கும். வளைகுடாவுக்குப் போகிறவர்களிடமும் இத்தகைய சான்றுகளைத்தான் கேட்கிறார்கள். கம்பெனி தன் லெட்டர்பேடில் அடித்துக் கொடுக்கும் காகிதத்துக்கு அந்த மதிப்பு இல்லை.

ஜெர்மனியில் இந்த முறை வேரூன்றியதற்கும் இதுவே காரணம். அங்கே பழகுநர் வாரத்தில் சில நாள் தொழிற்பள்ளியிலும் மீதி நாள் ஆலையிலும் ஏறத்தாழ மூன்று ஆண்டு பயில்கிறார். ஆனால் கடைசித் தேர்வை நடத்துவது அந்த ஆலை அல்ல, அந்த வட்டாரத்தின் தொழில் வர்த்தக சபை. அதனால் சான்றிதழ் பிள்ளையின் சொத்தாகிறது. அதை எடுத்துக்கொண்டு அவர் எந்த ஊருக்கும் போகலாம்.

நமக்கு ரயில் ஓர் அனுகூலம். திருத்தணியிலிருந்து சென்னைக்கு மின்சார ரயில் இருக்கிறது. பெரம்பூரில் 1955 முதல் இயங்கும் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை அப்ரென்டிஸ்களை எடுக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்த புதியவர்களுக்கும் இடம் உண்டு, ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கும் இடம் உண்டு. ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன், தச்சர், பெயின்டர் என்று பிரிவுகள். ரயில்வேயில் அப்ரென்டிஸ் முடித்தவர்களுக்கு, அதன் கடைநிலைப் பணியிடங்களின் நேரடி நியமனத்தில் 20 சதவீதம் ஒதுக்கப்படுகிறது. போட்டித் தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும் என்றாலும், இது சின்ன விஷயம் அல்ல. அறிவிப்பு வரும்போது மதிப்பெண் பட்டியலும் சாதிச் சான்றிதழும் தயாராக இருந்தால் போதும்.

சாதிச் சான்றிதழ் என்றதும் ஒரு சிறு விலகல். தமிழகத்தில் 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. லெப்பை, ராவுத்தர், மரைக்காயர், தக்கனி, ஷேக், சையத், அன்சார், மாப்பிள்ளை, தூதேகுலா ஆகியோர் அந்தப் பட்டியலில் வருகிறார்கள். 1960 வரை சித்தூர் மாவட்டத்தோடு இருந்த நம் பகுதியில், வீட்டில் உருதோ தெலுங்கோ பேசும் குடும்பங்கள் ஏராளம். சான்றிதழில் வெறும் "முஸ்லிம்" என்று மட்டும் எழுதி வாங்கிவிட்டு, சேர்க்கை நாளில் தாலுகா ஆபீஸுக்கு ஓடுவது பழக்கமாகிவிட்டது. பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே உட்பிரிவோடு சரியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஐ.டி.ஐ. பற்றிப் பேசாமல் இந்த விஷயம் முழுமையாகாது. "படிப்பு ஏறாதவன் போகிற இடம்" என்ற பழைய எண்ணம் இன்னும் நம்மிடம் இருக்கிறது. அரசும் டாடா டெக்னாலஜீஸ் நிறுவனமும் சேர்ந்து தமிழகத்தின் 71 அரசு ஐ.டி.ஐ.க்களை 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் மேம்படுத்தின. 2023இல் ஒரகடத்தில் முதல்வர் அந்த மையத்தைத் திறந்து வைத்தார். ரோபோ, கணினி வழி இயங்கும் கடைசல் இயந்திரங்கள், மின்சார வாகனப் பராமரிப்பு முதலியவை அங்கே சொல்லித் தரப்படுகின்றன. கம்பெனியும் கல்விக்கூடமும் சேர்வதில் எனக்கு மிகவும் பிடித்த வகை இதுதான். ஏனென்றால் இதில் கருவி தருவது கம்பெனி, ஆனால் இடம் அரசுடையது, சான்றிதழும் அரசுடையது. பிள்ளை எந்த ஒரு கம்பெனிக்கும் கட்டுப்பட்டவன் அல்ல.

அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, பஸ் பாஸ் உண்டு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்களுக்கு 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் ஐ.டி.ஐ. படிப்பவர்களுக்கும் கிடைக்கும். ஆண்களுக்கு 40 வயது வரை சேர்க்கை. பெண்களுக்கு வயது வரம்பே இல்லை. நம் பக்கத்துக்கு எட்டும் தூரத்தில் அரக்கோணத்திலும் அம்பத்தூரிலும் அரசு ஐ.டி.ஐ.க்கள் இருக்கின்றன.

மெக்கானிக் ஷெட்டில் சிறு வயதிலிருந்து வேலை பழகிய நம் இளைஞர்களுக்கும் ஒரு வழி உண்டு. மூன்று ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் ஐ.டி.ஐ. மூலமாகத் தனித் தேர்வராக அகில இந்தியத் தொழில் தேர்வு எழுதிச் சான்றிதழ் பெறலாம். வண்டியின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்கிற கை, ஒரு காகிதம் இல்லாததால் பெரிய சர்வீஸ் சென்டரில் உள்ளே நுழைய முடியாமல் நிற்கிறது. கூலி பாதியாகப் போவது இங்கேதான்.

இனி, ஜாக்கிரதையாக இருக்க வேண்டியவை. மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று நடந்தது நினைவிருக்கும். ஏழை வீட்டு இளம் பெண்களை மூன்று ஆண்டு விடுதியில் வைத்து வேலை வாங்கி, முடிவில் திருமணத்துக்கு மொத்தத் தொகை தருவதாகச் சொன்னார்கள். நடுவில் உடம்பு முடியாமல் வந்தவர்கள் தொகையை இழந்தார்கள். அன்றும் அவர்களை அழைத்த பெயர் அப்ரென்டிஸ்தான். தொகையைக் கடைசி வரை பிடித்து வைக்கிற எந்த ஏற்பாடும் அந்தச் சாயல் உடையது. "படித்துக்கொண்டே சம்பாதி" என்ற பெயரில் ஏஜென்ட்கள் அழைத்துப் போய், வருடக்கணக்கில் ஒரே இடத்தில் நின்று பெட்டி மடிக்கிற வேலை கொடுப்பதும் நடக்கிறது. அது வேலை என்றால் வேலை. முழுக் கூலியும் பி.எஃப்.பும் தரட்டும். அதைப் பயிற்சி என்று சொல்லிக் கூலியைக் குறைப்பது நியாயமில்லை.

விடுதியையும் நேரில் பாருங்கள். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள், விடுதி உணவு கெட்டுப்போய் நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். சாலை மறியல் நடந்தது, ஆலையே சில வாரம் மூடப்பட்டது. அதன் பிறகு கவனம் திரும்பியது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை அரசு திறந்தது. ஆனால் எல்லாக் கம்பெனி விடுதியும் அப்படி இருக்கும் என்று எண்ண வேண்டாம். தாயும் தகப்பனும் ஒரு நாள் போய், அங்கே உள்ள பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டு வாருங்கள். வார்டன் சொல்வதைவிட அந்தச் சாப்பாடு அதிகம் சொல்லும்.

நம் வீடுகளுக்கே உரிய இரண்டு கேள்விகளை முதல் நாளே வெளிப்படையாகக் கேட்டுவிடுவது நல்லது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு இடைவேளையை மாற்றி அமைத்துத் தருவார்களா? முக்காடு பற்றி விதி என்ன? ஓடும் இயந்திரத்தின் அருகே தளர்ந்த துணி கூடாது என்பது பாதுகாப்பு விதி, அது எல்லாருக்கும் பொது. அதில் கோபப்பட இடமில்லை. இயந்திரம் இல்லாத பிரிவில் இடம் உண்டா என்று கேட்கலாம். சேர்ந்த பின் மனஸ்தாபப்பட்டு ஒரு மாதத்தில் திரும்பி வருவதைவிட முன்பே கேட்பது மேல்.

எல்லைக்கு அப்பால் போகிறவர்கள் இன்னொன்றும் அறிய வேண்டும். ஸ்ரீசிட்டியில் இசுசு, கோபெல்கோ போன்ற ஆலைகள் இருக்கின்றன. தெலுங்கு பேசும் நம் பிள்ளைகளுக்கு மொழிச் சிக்கல் இல்லை. ஆனால் தொழிற்சாலை வேலைகளில் 75 சதவீதம் உள்ளூர்க்காரர்களுக்கே என்று ஆந்திர சட்டமன்றம் 2019இல் ஒரு சட்டம் இயற்றியது. திருத்தணி முகவரி உள்ள ஆதார் அட்டையோடு போகும் பிள்ளை, பயிற்சிக்குப் பிறகு நிரந்தர வேலைக்குத் தன்னைக் கருதுவார்களா என்று சேரும்போதே கேட்டுவிட வேண்டும்.

தோல் வியாபாரத்தில் செழித்த நம் முன்னோர் வாணியம்பாடியில் கல்விச் சங்கம் கண்டு, 1919இல் இஸ்லாமியாக் கல்லூரியையே எழுப்பினார்கள். தொழிலதிபரும் கல்வியும் சேர்வது நமக்குப் புதிதல்ல. ஆனால் அவர்கள் எழுப்பியது பெரும்பாலும் கலைக் கல்லூரிகள். காலணி தைக்கும் தொழிலைப் படிப்பாகக் கற்க வேண்டுமென்றால் கிண்டியில் மத்திய காலணிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. 1957 முதல் இருக்கும் அந்த இடத்தில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்று விசாரித்தால் வருத்தமாக இருக்கும் என்றே நினைக்கிறேன்.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: அரசுப் பள்ளியானால் முதலில் தலைமை ஆசிரியரிடம் போங்கள். 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் கீழ் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே வழிகாட்டல் வகுப்புகள் உண்டு. கம்பெனித் தேர்வு அறிவிப்பும் பள்ளி வழியாகவே வரும். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. அப்ரென்டிஸ் இடங்களை மத்திய அரசின் அப்ரென்டிஸ்ஷிப் இந்தியா இணையதளத்தில் ஊர் வாரியாகப் பார்க்கலாம், பதிவு இலவசம். எந்தக் கம்பெனியின் பெயரை ஏஜென்ட் சொன்னாலும், அந்தப் பெயர் அந்தத் தளத்தில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். ஒப்பந்தத் தாள் ஆங்கிலத்தில் இருந்து புரியவில்லை என்றால், கையெழுத்துப் போடாமல் ஒரு நகல் வாங்கிக்கொண்டு டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள். இஷா தொழுகைக்குப் பின் யாராவது இருப்போம். உட்கார்ந்து வரி வரியாகப் படித்துச் சொல்கிறோம்.